பைலட்டின் வலது கால்

ஜனவரி 19

மச்சான் பைலட்டுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டாய் போலிருக்கிறது. பரவாயில்லை, காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்தால் அணைத்துவிடலாம், இதை என்ன செய்வாய்? கிழித்துப் போடுவதற்காகவாவது பிரித்துத்தானே ஆக வேண்டும். உன் டிப்போ முகவரிக்கே அனுப்புகிறேன். பதில் போட்டால் என் செருப்புக் கடைக்குப் போடு. வீட்டுக்கு வந்தால் உன் தங்கை பாப்பா பிரித்துவிடுவாள். என் பெயருக்கு வரும் எதையும் அவள் தனக்கு வந்ததாகத்தான் நினைக்கிறாள்.

‘மச்சான் மச்சான்’ என்று சும்மா கூப்பிட்டுக் கூப்பிட்டே அவன் தங்கையைக் கட்டிக்கொண்டாய் என்று ஊமை இன்றும் என்னைக் கிண்டல் செய்கிறான். வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு ஊமை என்று பெயர் வைத்தவனும் நீதான். கல்யாணப் பந்தலில் பாதிரியாரோ யாரோ ஒருவர் காலைப் பார்த்து நான் சத்தமாகச் செருப்பு அளவை ‘எட்டரை’ என்று சொல்லித் தொலைத்ததற்காக எனக்கு எட்டரை என்று பெயர் வைத்தவனும் நீதான். எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டு நீ மட்டும் பைலட் ஆகிவிட்டாய். ஓட்டுவது என்னவோ டவுன் பஸ்.

சுற்றி வளைக்கிறேன் என்று தெரிகிறது. அந்தக் காலையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நீ அதைப் பார்க்கவில்லை. கதை சொல்லும் மும்முரத்தில் இருந்தாய். அதனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வருஷா வருஷம் நீ, நான், ஊமை, தாடி நால்வரும் கலங்கரை விளக்கத்திலிருந்து பாறைகள் வழியாக நடந்து, கடற்கரையில் ஒரு இரவு கூடாரம் போட்டுத் தங்கித் திரும்புகிறோம். மணல் தொடங்கும் இடத்தில் ஷூவைக் கழற்றிக் கயிற்றை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், கூடாரம் அடிக்கும் இடம் வரை வெறுங்கால்தான், கழற்றாதவன் எல்லோருக்கும் தண்ணீர் சுமக்க வேண்டும். இது நாம் மீசை முளைக்காத காலத்தில் போட்ட சட்டம். இந்தத் தடவை உச்சி வெயில். நானும் ஊமையும் தாடியும் ஐயோ அம்மா என்று ஈர மணலுக்கு ஓடினோம். நீ மட்டும் காய்ந்த மணலில் கம்பளத்தில் நடப்பவன் போல நடந்து வந்தாய். நாங்கள் கைதட்டினோம். தாடி விசிலடித்தான்.

மறுநாள் காலை அவர்கள் இருவரும் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீ டீ டம்ளரோடு நின்றபடி, வேறு பஸ்ஸில் ஏறி டிக்கெட் கிழித்த கண்டக்டர் கதையை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாய். ஒரு வாடை வந்தது. ரப்பர் கருகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன், என் தொழில் புத்தி அப்படி. பிறகு உன் வலது காலடியிலிருந்து நூல் மாதிரிப் புகை வந்ததைப் பார்த்தேன். முதல்நாள் அடுப்பை மணல் போட்டு மூடியிருந்தோமே, அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாய். உள்ளே தணல் அப்படியே இருந்திருக்கிறது.

நான் உன்னைப் பிடித்துத் தள்ளினேன். டீ என் சட்டையில் கொட்டியது. நீ என்ன சொன்னாய் தெரியுமா? “ஏண்டா தள்ற? கதை முடியல.”

அதற்கப்புறம் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாய். தெருவில் கிடக்கும் யாருடைய பொருளையோ பார்ப்பது போலப் பார்த்தாய். “சொல்லாத. பாப்பாகிட்டகூட சொல்லாத” என்றாய். அவர்களிடம் டீ கொட்டிவிட்டது என்று கதை கட்டினாய். ஈரத் துணியைச் சுற்றி, அதன் மேல் ஷூவைப் போட்டு, அவ்வளவு பாறையையும் ஏறி இறங்கி நடந்தாய். நான் பின்னாலேயே வந்தேன். நீ ஒரு அடி கூட நொண்டவில்லை. நொண்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மச்சான், அது பிரேக் மிதிக்கிற கால். டாக்டரைப் பார். பார்த்துவிட்டு டிப்போவில் சொல். அதுவரை வண்டியைத் தொடாதே.

எட்டரை


ஜனவரி 27

எட்டரை,

கடிதம் வந்தது. அந்தக் கண்டக்டர் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டார். இறங்கும்போதுதான் டிரைவர் முகத்தைப் பார்த்தாராம். நீ தள்ளிவிட்டதால் பாதியில் நின்றது. இப்போது முடித்துவிட்டேன்.

கால் ஆறிக்கொண்டிருக்கிறது. நானே கட்டு மாற்றுகிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், அது உனக்கும் தெரியும். பாதம் கொஞ்ச நாளாக மரத்துப்போய்த்தான் இருக்கிறது. அதற்காகத் தலையில் இடி விழுந்த மாதிரி எழுதாதே.

பஸ்ஸைக் காலால் ஓட்டுவதாக நினைப்பது சைக்கிள் விடுகிறவர்களின் எண்ணம். நான் காதால் ஓட்டுகிறேன். எஞ்சின் குரல் ஏறினால் எவ்வளவு மிதித்திருக்கிறேன் என்று தெரியும். பிரேக்கில் காற்று சீறும்போது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று தெரியும். மீதி சீட்டில் தெரியும், இடுப்பில் தெரியும். முட்டி நன்றாக இருக்கிறது. முட்டியிலிருந்து கீழே ஒரு கம்பு தொங்குவதாக வைத்துக்கொள், கம்பை வைத்து மிதிக்க முடியாதா?

டிப்போவில் வருஷத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. கண்ணைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள், கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார்கள். ஷூவைக் கழற்று என்று யாரும் சொன்னதில்லை. அவர்களுக்கே இல்லாத அக்கறை உனக்கு எதற்கு?

நீ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து பெட்டியை மூடுகிறவன். என் வேலை உனக்குப் புரியாது. காலை முதல் நடையில், அதாவது முதல் டிரிப்பில், ரோட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வண்டி முழுக்க எனக்கு. அந்த நேரத்தில் எனக்கு எதுவும் தோன்றாது. என் மனைவி போனதிலிருந்து எதுவும் தோன்றாமல் இருக்கும் இடம் அது ஒன்றுதான். மற்ற இடங்களிலும் தோன்றுவதில்லை, ஆனால் அங்கே அது சரியாக இருக்கிறது.

உன் கடையைப் பார். என் காலில் மூக்கை நுழைக்காதே. இப்போது வாடை வேறு அடிக்கிறது.

பைலட்


பிப்ரவரி 3

மச்சான்,

உன் ஜோக்குக்கு நான் சிரிக்கவில்லை. கடையில் வேலை பார்க்கும் பெண் ‘என்ன சார், கெட்ட சேதியா’ என்று கேட்டாள். இல்லை, மச்சான் கடிதம் என்றேன். நல்லது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடற்கரை நடைக்குப் போவதற்கு முன் என்னிடம்தானே ஷூ வாங்கினாய். ஒன்பது கொடுத்தேன். லொடலொட என்று இருக்கிறது என்றாய். எட்டரை கொடுத்தேன், அதுவும் லூஸ் என்றாய். கடைசியில் எட்டில் காலைத் திணித்துக்கொண்டு ‘இப்பத்தான் ஷூ போட்ட மாதிரி இருக்கு’ என்று எழுந்து நின்றாய். பெண் பார்க்கப் போகிறாயா என்று நான் கிண்டல் செய்தேன். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இப்படித்தான் இறுக்கமாகக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். கடைப் பெண்ணுக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வாடிக்கையாளர் என்றால் கண்ணில் படுகிறது, மச்சான் என்றால் படவில்லை.

கம்பை வைத்து மிதிக்க முடியாதா என்று கேட்டிருந்தாய். முயற்சி செய்து பார்த்தேன். சிரிக்காதே. கடையின் பின்னறையில் வார் தைக்கிற மெஷின் இருக்கிறதே, மோட்டாரும் மிதிபலகையும் வைத்தது, மத்தியானம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அதன் முன் உட்கார்ந்தேன். வலது காலை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டு பேப்பர் படித்தேன். எறும்பு ஊறி, அப்புறம் எறும்பும் செத்து, பிறகு ஒன்றுமே இல்லாமல் ஆகும் வரை படித்தேன். அப்படியே காலை எடுத்து மிதிபலகையில் வைத்தேன். வைத்தேனா என்றே தெரியவில்லை. குனிந்து பார்த்தால் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கிறது. மெதுவாக மிதிக்கலாம் என்று நினைத்தேன். மெஷின் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து வாரைத் தாண்டி, மேஜை விரிப்பைத் தைத்து, ஊசியை முறித்துக்கொண்டு நின்றது. நீ சொன்னது சரி, சத்தம் கேட்டது. ஆனால் சத்தம் கேட்ட பிறகு என்ன செய்ய முடியும்? ஊசி முறிந்த பிறகுதானே கேட்கிறது?

பத்து நிமிஷத்தில் எனக்குக் கால் திரும்ப வந்துவிட்டது. குத்திக் குத்தி வந்தது. பின்னறையில் தனியாக உட்கார்ந்து ஸ்ஸ் ஸ்ஸ் என்று துடித்தேன். உனக்கு அது வரப்போவதில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. “அண்ணன் ஏன் போன் எடுக்க மாட்டேங்குது, நீங்க ரெண்டு பேரும் சண்டையா?” என்று தினம் கேட்கிறாள். ஆமாம், கூடாரத்தை யார் சுமப்பது என்று சண்டை என்று புளுகி வைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை. உங்கள் குடும்பத்தில் யாரும் எதையும் நம்புவதில்லை, எதையும் சொல்வதுமில்லை.

இந்த மாதக் கடைசி வரை பார்ப்பேன். அதற்குள் நீயே மேனேஜரிடம் சொல்லிவிடு. வேறு வேலை தருவார்கள். சொல்லாவிட்டால் நான் எழுதுவேன். என் பெயர், என் கடை முகவரி எல்லாம் போட்டு எழுதுவேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

எட்டரை


பிப்ரவரி 12

மாப்பிள்ளைக்கு,

மிரட்டல் என்றே எடுத்துக்கொண்டேன்.

எழுது. நன்றாக எழுது. ஆனால் எழுதிய கையோடு என் வீட்டு வாசலை மிதிக்காதே. பாப்பா வரட்டும், பிள்ளைகள் வரட்டும், நீ வராதே. நீயும் நானும் அறியாத வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றினோம் என்பதை எல்லாம் கழற்றி வைத்துவிட்டேன்.

வேறு வேலை தருவார்கள் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய். என்ன வேலை என்று எனக்குத் தெரியும். டிப்போவில் ஓர் அறை இருக்கிறது. பஸ்ஸில் விட்டுவிட்டுப் போன சாமான்களை வைக்கும் அறை. சோதனையில் தேறாத டிரைவர்களை அங்கேதான் உட்கார வைப்பார்கள். ஒரு ஸ்டூல், ஒரு மேஜை, சுவர் நிறையக் குடைகள். போன வருஷம் கண் போன ஒருத்தரை அங்கே போட்டார்கள். முப்பது வருஷம் நெடுந்தூர வண்டி ஓட்டியவர். இப்போது யாராவது வந்து ‘கருப்புக் குடை’ என்றால், எந்தக் கருப்புக் குடை என்று தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் அந்தப் பக்கம் போகும்போது பேச்சைக் குறைத்துக்கொள்வோம்.

உனக்காக டாக்டரைப் பார்த்தேன். இங்கே பார்த்தால் சேதி டிப்போவுக்குப் போய்விடும் என்று மூன்று ஊர் தள்ளிப் போய்ப் பார்த்தேன். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். செருப்புக் கடை வைத்திருக்கிறேன் என்றேன். வாயில் அதுதான் வந்தது. “நல்ல வேளை, டிரைவிங் மாதிரி வேலையா இருந்தா உடனே நிறுத்தச் சொல்லியிருப்பேன்” என்றார். கட்டைப் பிரித்தார். முகம் மாறியது. சின்ன விரலும் அதற்கடுத்ததும் நிறம் சரியில்லை, ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், தள்ளிப்போட்டால் மேலே ஏறும் என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதைச் சொல்லும்போது எனக்குப் பயமாக இருக்க வேண்டும். இல்லை. அதுதான் உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று நீ கேட்கவில்லை. இரண்டு மழைக்காலம் முன்பு கடைக்குப் போய்விட்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அம்மா கூப்பிட்டு, “என்னங்க, ஒத்தச் செருப்போட போறீங்க” என்றார். பார்த்தால் வலது காலில் செருப்பு இல்லை. எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. ஈர ரோட்டில் எவ்வளவு தூரம் வெறுங்காலில் வந்தேன் என்பதும் தெரியவில்லை. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் காலைக் கிள்ளினேன். அவள் செத்த அன்றைக்கு எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. யாரோ யாரையோ பிடித்திருப்பது போல. எனக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை. மேலே ஏற்கெனவே அப்படித்தான், இப்போது கீழேயும் என்று நினைத்தேன்.

கடற்கரையில் நான் சூடு தெரியாமல் நடந்தபோது நீங்கள் கைதட்டினீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் சேர்த்து மேனேஜருக்கு எழுது.

பைலட்


பிப்ரவரி 25

எட்டரை,

நேற்று ஒன்று நடந்தது. யாருக்கும் அடியில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு சரிவு உண்டு. தினம் இறங்குகிற சரிவுதான். பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் குரல் ஏறியது. பிரேக்கை மிதித்தால் குரல் இறங்க வேண்டும், ஏறுகிறதே என்று யோசித்தேன். யோசித்தேன், மாப்பிள்ளை. ஒரு நிதானமான யோசனை. அதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது. கைப்பிரேக்கை இழுத்தேன். வண்டி உலுக்கிக்கொண்டு நிழற்குடையைத் தாண்டிப் போய் நின்றது.

நிறுத்தத்தில் ஒரு அம்மா ரோட்டுப் பக்கம் ஒட்டி நின்றிருந்தார். கையில் விரித்த குடை. என் கண்ணாடி அந்தக் குடையைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. குடை பறந்து நடைபாதையில் விழுந்தது. அவர் கை அப்படியே நீட்டியபடி, குடை பிடித்த மாதிரியே இருந்தது. பிறகு வாய் திறந்து திட்டினார். நன்றாகத் திட்டினார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, “என்னண்ணே, தூக்கமா?” என்று சிரித்தான். உள்ளே நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து, சட்டையைச் சரி செய்துகொண்டார்கள். இரண்டு பேர் இறங்கினார்கள். அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு இதே வண்டியில்தான் ஏறினார். டிக்கெட்டும் வாங்கினார்.

குனிந்து பார்த்தேன். கால் இன்னும் ஆக்சிலேட்டர் மேலேதான் இருந்தது.

கை நடுங்கவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. மீதி நடையை ஓட்டி முடித்தேன். இன்று காலையும் போனேன். நாளையும் எனக்கு முதல் நடைதான். ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. அந்த அம்மா ஒரு அடி முன்னால் நின்றிருந்தாலும் இதே கையெழுத்தில் இதே மாதிரிதான் எழுதியிருப்பேனோ என்று தோன்றியது. அதுதான்.

நீ இன்னும் மேனேஜருக்கு எழுதவில்லை என்று நினைக்கிறேன். எழுதியிருந்தால் கூப்பிட்டிருப்பார்.

பைலட்


மார்ச் 1

மச்சான்,

உன் கடிதத்தை நேற்று மத்தியானம் படித்தேன். படித்ததும் டிப்போவுக்குப் போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள். மேனேஜர் வேண்டும் என்றேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். உன் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன். பெரிதாகக் கெடு வைத்தவன் நான். பெயர் போட்டு எழுதுவேன் என்றெல்லாம் வீரம் பேசியவன். மேனேஜருக்கு மூன்று நான்கு தடவை எழுத உட்கார்ந்து, ‘மதிப்பிற்குரிய ஐயா’வைத் தாண்டவில்லை. அதற்கடுத்த வரியில் உன்னைப் பற்றி ‘மேற்படி ஓட்டுநர்’ என்று எழுத வேண்டியிருந்தது. அந்த வார்த்தையை எழுத முடியவில்லை.

கோழை என்று நீ சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். அந்த அம்மா ஒரு அடி முன்னால் நின்றிருந்தால் அதில் பாதி என் கணக்கில்தான் வந்திருக்கும்.

அதனால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் உன் தங்கையிடம் சொல்லிவிட்டேன். தணலில் நின்றது, டாக்டர் சொன்னது, குடை, எல்லாவற்றையும். உன் கடிதங்களையும் கொடுத்தேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்துக் கையை உலர்த்திக்கொண்டு உட்கார்ந்து படித்தாள். அழுவாள், கத்துவாள் என்று நான் தயாராக இருந்தேன். “இத்தன நாள் கடைல வச்சுப் படிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நீ ‘என் வீட்டு வாசலை மிதிக்காதே’ என்று சொன்னதே தேவலை.

பிறகு அங்கே போக எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்டாள். நானும் வருகிறேன் என்றேன். “நீங்க வந்தா அண்ணன் உங்களோட சண்ட போட்டே தப்பிச்சிரும்” என்றாள். நாளை மறுநாள் கிளம்புகிறாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொன்னாள். சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் அவளுக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா தெரியாது.

முன்னால் வந்தால், தயவு செய்து கம்பி நீட்டிவிடாதே.

எட்டரை


மார்ச் 15

மாப்பிள்ளை,

உன் கடிதம் பின்னால்தான் வந்தது. முன்னால் வந்திருந்தால் விடுப்புப் போட்டுவிட்டு எங்காவது போயிருப்பேன். உன்னிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

பாப்பா உனக்குச் சொல்லியிருப்பாள். அவள் சொல்வது எப்போதும் பாதிதான், மீதியை நான் சொல்கிறேன்.

அவள் என் அறைக்கு வரவில்லை. ரயிலிலிருந்து இறங்கி நேரே டிப்போவுக்குப் போயிருக்கிறாள். நான் நடை முடித்து உள்ளே வந்தபோது கண்டக்டர், “உங்க தங்கச்சி மேனேஜர் ரூம்ல இருக்காங்கண்ணே” என்றான். வீட்டில் யாருக்கோ என்னவோ என்று நினைத்துப் போனேன். அவள் நாற்காலி நுனியில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நான் வரட்டும் என்று அதுவரை ஒன்றும் சொல்லாமல் காத்திருந்திருக்கிறாள்.

“சார், இது எங்கண்ணன். இவருக்குக் கால்ல உணர்ச்சி கெடையாது. தீக்கங்கு மேல நின்னுக்கிட்டு இருந்தாரு, தெரியல. இவருக்கு வண்டி குடுக்காதீங்க.”

மேனேஜர் என்னைப் பார்த்தார். “என்னப்பா, நெசமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தங்கச்சிக்கும் எனக்கும் சொத்துத் தகராறு என்று புளுகியிருக்கலாம், என் வாய்க்கு அது பெரிய வேலையா? பாப்பா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். “ஷூவக் கழட்டுண்ணே” என்றாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மா சொல்வது போலவே இருந்தது. கழற்றினேன். கட்டையும் பிரித்தேன். மேனேஜர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

சாவியைக் கேட்டார். கொடுத்தேன். மத்தியான நடைக்கு என் வண்டியை ஒரு புதுப் பையனிடம் கொடுத்தார்கள். அவன் வாசலைத் தாண்டும்போது கியர் போட்ட சத்தம் மேனேஜர் அறை வரை கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நீ எழுதியிருந்தால் உன்னை மன்னித்திருக்க மாட்டேன். சும்மா சொல்லவில்லை. என் முதுகுக்குப் பின்னால் ஒரு காகிதம் போய், அதை யாரோ வாசித்து, என்னை யாரோ கூப்பிட்டு விசாரித்திருந்தால், கடைசி வரை இல்லை என்று சாதித்திருப்பேன். அவள் நான் வரும் வரை வாயைத் திறக்காமல் காத்திருந்தாளே, அவளிடம் புளுக வாய் வரவில்லை. அதனால் நீ கோழையாக இருந்ததும் நல்லதற்குத்தான் என்று வைத்துக்கொள். வாசலை மிதிக்காதே என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் உடனே வந்து நிற்காதே. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு ஜோக் அடிக்கத் தோன்றும். கொஞ்ச நாள் அது வேண்டாம்.

சென்ற வாரம் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் மூன்று இருக்கின்றன. இனி ஷூ எந்த நம்பர் என்று நீயே கண்டுபிடி. ஆறியதும் அந்தச் சாமான் அறையில் வேலை. கண் போனவர் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். ஸ்டூல் ஒரு பக்கம் ஆடும், கீழே அட்டை மடித்து வைத்திருக்கிறேன், தட்டிவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் அந்த அறைப் பக்கம் போகும்போது பேச்சைக் குறைத்தது அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

ஒன்று மீதி இருக்கிறது. இதைப் பாப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள்.

டிப்போவிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். துணி எடுத்துக்கொண்டு போகலாம் என்று அறைக்கு வந்தோம். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவள் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். என் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ‘வேணாம், நாறும்’ என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. துடைத்தாள். அவள் கை போவதும் வருவதும் தெரிந்தது, கண்ணுக்குத் தெரிந்தது. துடைத்து முடித்தும் காலைக் கீழே விடவில்லை. குதிகாலில் கட்டைவிரலை அழுத்தினாள்.

“இங்க?”

“இல்ல.”

பாதத்தின் மேல்பக்கம் அழுத்தினாள். “இங்க?”

“இல்ல.”

கணுக்காலில் அழுத்தினாள். நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் ஒவ்வொரு விரற்கடையாக மேலே வந்துகொண்டே இருந்தாள். எனக்குச் சலிப்பாகிவிட்டது, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இல்ல, இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஆடுசதை தொடங்கும் இடத்துக்குக் கீழே ஓரிடத்தில் சில்லென்று இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் கட்டைவிரல் அங்கே இருந்தது. கை ஈரமாக இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“இங்க தெரியுது” என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. அந்த இடத்தையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை மாப்பிள்ளை, அழுகை வந்துவிட்டது. என் மனைவி செத்தபோது வராதது, வண்டிச் சாவியைக் கொடுத்தபோது வராதது. தங்கச்சி முன்னால், மூக்கு ஒழுக, சத்தம் போட்டு அழுதேன். கீழ்வீட்டு அம்மா மாடி ஏறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாப்பா பயந்துவிட்டாள். கையைத் தளர்த்தி, “வலிக்குதாண்ணே?” என்று கேட்டாள்.

ஆமாம் வலிக்குது என்றேன்.

பைலட்